குவளையில் கிடந்த கட்டுப்பல்

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமைகளில், தேநீர் குடிப்பதற்கு முன்னால், விவேகானந்தன் மனைவியை அடுக்களை யன்னலோரக் கதிரையில் இருத்திவிட்டு அவளுடைய வாய்க்குள் பஞ்சுக் குச்சியை விடுவார். யன்னலுக்கு வெளியே பலாமரமும் அதற்குக் கீழே மகாவலி ஆறும் தெரியும். பெரஹெரா ஊர்வலத்துக்கு வந்த யானைகளைக் கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கீழே குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாளாகத் தூறல் விடவில்லை.

"ஆவெண்ணும்."

"ஆ."

"இன்னும் கொஞ்சம், தேவி."

"இதுக்கு மேல திறந்தால் கிழிஞ்சுபோம். முப்பது வருசம் பிள்ளையளுக்குக் கணக்குப் படிப்பிச்ச வாய், கவனம்."

நாக்கின் மேல் ஒரு குச்சி, கன்னத்தின் உட்பக்கம் ஒன்று, தொண்டைக்குக் கிட்ட ஒன்று. மேலண்ணத்தை மட்டும் தொட விடமாட்டாள். ஓங்காளம் வரும் என்பாள். கட்டுப்பல்லைக் கழற்றச் சொன்னால், "அதை இரவு முழுக்கக் குவளையில ஊறவிட்டுத்தான் போடுறன். வேணுமெண்டால் குவளையில கிடக்கேக்க எடுங்கோ" என்பாள். அவரும் எடுத்திருக்கிறார். குளியலறைத் தட்டில், மூடி போட்ட கண்ணாடிக் குவளையில், தண்ணீருக்குள் சிரித்துக்கொண்டு கிடக்கும் பல்லைப் பல தடவை குச்சியால் தொட்டு எடுத்துப் பேராதனை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார். அதில் ஒருநாளும் ஒன்றும் முளைத்ததில்லை.

"முடிஞ்சுது. வாயை மூடும்."

"உங்கட செல்லங்கள் சுகமா இருக்கினமோ?"

"அவைக்கென்ன, நல்ல சுகம். உமக்குத்தான் சுகமில்லை."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே எச்சில் விழுங்கினாள். விழுங்கும்போது கண்ணை இறுக்கி மூடினாள். அதைக் காணாதவர்போல அவர் குச்சிகளைக் குழாய்க்குள் போட்டு மூடினார்.

பாணைப் பொங்கவைக்கும் ஈஸ்ட் என்கிற மதுவத்துக்கு உறவுக்காரன் ஒருவன் உண்டு, குணங்கெட்ட உறவுக்காரன். எல்லோர் வாயிலும் ஒரு மூலையில் பேசாமல் கிடப்பான். சீனி வியாதி வந்து உடம்பு தளர்ந்தால் எழும்பி வெள்ளையாகப் படிவான். பத்மாதேவியின் நாக்கில் அப்படிப் படிந்து நாலைந்து வருடமாகிறது. குளிசை போட்டால் போகும், பிறகு வரும். வரவரக் குளிசைக்கு அவன் பயப்படாமல் போனான். விவேகானந்தனுடைய உத்தியோகமே இந்தச் சாமானின் பரம்பரையலகுகளைப் படிப்பதுதான். ஊர் ஆஸ்பத்திரிகளிலிருந்தெல்லாம் நோயாளிகளின் மதுவத்தை வரவழைத்து ஆராய்கிற மனிதருக்கு, ஆகக் கெட்டது அவருடைய வீட்டுக்குள்ளேயே கிடைத்தது. முதலில் அதில் ஒரு சந்தோசம்கூட இருந்தது. அந்தச் சந்தோசத்தை நினைத்தால் இப்போது அவருக்கு நெஞ்சு கூசும்.

இந்த வருடம் அது வாயிலிருந்து இறங்கி உணவுக் குழாய்க்குள் போய்விட்டது. குழாய் விட்டுப் பார்த்த வைத்தியர் அம்மா, உள்ளே தயிர் ஆடைபோலப் படிந்திருக்கிறது என்றார். பத்மாதேவிக்குச் சோறு இறங்கவில்லை. இடியப்பம் பாலில் ஊறினால்தான் இறங்கும். உறைப்பு என்றால் நாலாவது வீட்டில் மிளகாய் வறுத்தாலே கண் கலங்குவாள். யாழ்ப்பாணத்து மனிசி, சம்பலை வெறுங்கையால் அள்ளித் தின்றவள், ஆறவைத்த கஞ்சிக்கு முன்னால் சின்னப் பிள்ளைபோல இருந்தாள்.

"குளிசை இனிச் சரிவராது" என்று வைத்தியர் சொல்லியிருந்தார். "நாளத்தால் ஏற்றுகிற மருந்து ஒன்று இருக்கிறது. அது கேட்கும். ஆனால் இவருக்குச் சிறுநீரகம் ஏற்கனவே பலவீனம். மருந்து அதையும் சேர்த்துக் கொண்டுபோகக்கூடும்." பெரஹெரா முடிந்த கையோடு ஆஸ்பத்திரி வாட்டில் படுக்கவேண்டும் என்று நாளும் குறித்துக் கொடுத்திருந்தார்.

அதுதான் அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத சங்கதி. நாள் நெருங்க நெருங்க விவேகானந்தனுடைய மௌனம் நீண்டுகொண்டு போனது. இயல்பிலேயே பேச்சுக் குறைந்தவர். மாலையில் வந்தால் புத்தகத்தோடு கதிரையில் இருப்பார், பக்கம் புரளாது. பத்மாதேவிக்கு அந்த மௌனங்களின் வகை தெரியும். "இது யோசிக்கிற பேசாமை, அது கோவிச்ச பேசாமை" என்று பக்கத்து வீட்டு ரபீகாவுக்குப் பிரித்துச் சொல்வாள். இப்போதையது எந்த வகையென்று மட்டும் அவள் சொல்லவில்லை.

புதன்கிழமை ஆய்வுகூடத்தில் அழகையா, இந்த மதுவத்தைப் பச்சை நிறமாகக் காட்டும் வளர்ப்புத் தட்டுகளை அடுக்கிவைத்துக்கொண்டு நின்றான். ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே பதினைந்து வருடமாக வேலை செய்கிறவன். தட்டில் ஊற்றும் வளர்ப்பூடகம் காய்ச்சுவதில் அவனுடைய அம்மா சோறு வடிக்கும் அதே அவசரம் இருக்கும். அடிக்கடி பொங்கி ஊற்றிவிடுவான்.

"ஐயா, அம்மாவோடது நல்லா வந்திருக்குங்க. பச்சைப் பசேல்னு."

"மருந்துப் பட்டி வைச்ச தட்டைக் கொண்டாரும்."

தட்டின் நடுவில் மருந்து தோய்ந்த காகிதப் பட்டி ஒட்டியிருந்தது. மருந்துக்குப் பயந்த மதுவமாக இருந்தால் பட்டியைச் சுற்றி வெறும் இடம் விட்டு முளைக்கும், மழை விழாத தாழ்வாரம்போல. இது பட்டியை ஒட்டி, அதன் மேலேயே ஏறப்பார்த்தது.

"நெஞ்சழுத்தத்தப் பாருங்களேன்" என்றான் அழகையா. "ரெண்டு மாசத்துக்கு முந்தி மருந்த நிப்பாட்டினப்ப இதே சாமி எவ்வளவு பணிவா இருந்துச்சு! பட்டியக் கண்டு பத்தடி தள்ளி நின்னுச்சு."

அதுதான் புதிர். வைத்தியரிடம் கேட்டு ஆறு கிழமை குளிசையை நிறுத்திப் பார்த்தபோது, பத்மாதேவியின் நாக்கிலும் தொண்டையிலும் இருந்த மதுவம் மெல்லமெல்ல முரட்டுக்குணத்தை விட்டது. மின்சாரம் பாய்ச்சிய கூழில் நிறமூர்த்தங்களை, அதாவது குரோமோசோம்களை, பிரித்துப் பார்த்தால் காரணம் கண்ணுக்குத் தெரியும். முரட்டு மதுவம் ஒரு நிறமூர்த்தத்தின் துண்டை இரட்டிப்பாகச் சுமந்துகொண்டு திரிகிறது. மருந்தை வெளியே துப்புகிற பரம்பரையலகு அந்தத் துண்டில் இருக்கிறது. மருந்து உள்ளபோது அந்தச் சுமை உயிர் காக்கும். மருந்து இல்லாவிட்டால் வெறும் பாரம். சுமப்பவன் பின்தங்குவான், உதறியவன் முந்துவான். ஆறு கிழமையில் உதறியவர்களே எங்கும் நிறைந்தார்கள். இதுதான் சமயமென்று முழு அளவில் குளிசையைத் தொடங்கினார்கள். பத்து நாளில் சுமைகாரர்கள் திரும்பி வந்துவிட்டார்கள்.

"புதுசா செஞ்சிக்கிடுதோ என்னமோ" என்றான் அழகையா.

"புதுசாச் செய்தால் ஒவ்வொரு முறையும் துண்டின்ர நீளம் கொஞ்சமெண்டாலும் மாறும். இது மயிரளவும் மாறேல்லை. பழைய ஆள்தான் எங்கையோ ஒளிச்சிருந்திட்டு வாறார்."

"எங்கங்க ஐயா ஒளிய எடம்? பல்லு தேய்க்கிற தூரிக, கரண்டி, டம்ளரு, அம்மாவோட பல்லு வரைக்கும் நம்ம பாத்துட்டோமே."

"ஓம்" என்றார் விவேகானந்தன். "பாத்திட்டம்."

அன்று பின்னேரம் பஸ்ஸில் பாலத்தடியில் எல்லோரையும் இறக்கி, அடையாள அட்டை பார்த்து, திரும்ப ஏற்றினார்கள். யுத்தத்தில் வடக்குப் பாதை மூடி ஒரு வருடமாகியிருந்தது. பெரஹெரா நேரம் என்றால் கெடுபிடி இரட்டிப்பு. அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று கண்டதும் சிப்பாய் அவரை மறுபடி ஒருமுறை பார்த்தான். அவருக்கு அதெல்லாம் பழகிவிட்டது. தூறலில் நனைந்தபடி நின்று மதுவத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் ரபீகாவின் குரல் படலைவரை கேட்டது. கட்டுகஸ்தோட்டைக் கடைகளுக்கு அப்பமும் இடியப்பமும் சுட்டுக் கொடுக்கிறவள் அவள். சின்னப் பெட்டையாக மதிலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றவள், இப்போது மூன்று பிள்ளைகளின் தாய்.

"டீச்சர், இன்னம் ஒரு வாய். நோன்புக் கஞ்சி மாதிரி கரைச்சிக் கொணந்தேன், இஞ்சிகூடப் போடல்ல. கோழிக்குஞ்சும் இதவிடத் திங்கும்."

"காணும் பிள்ளை. நெஞ்சுக்குள்ள நிக்குது."

"நிக்கட்டும், மெல்லமா எறங்கும். வாங்க சேர், வாங்க! ஒங்களுக்குத்தான் சொல்ற. ஊருல ஈக்கிற கிருமியெல்லாம் ஒங்களுக்குத் தெரியும், வீட்டுல ஈக்கிற பொம்புளக்கி ஒரு வாய் கஞ்சி எறங்குதில்ல."

"ரபீகா, அவரைப் பேசாதையும். மனிசன் களைச்சு வாறார்."

"பேசாம என்ன செய்ற? நம்ம உம்மா ஈந்தா இந்நேரம் ஓதித் தண்ணி குடுத்து எழுப்பியிருப்பாங்க. எண்பத்து மூணு கலவரத்துல, தமிழாக்கள்ட வீடெல்லாம் எரிச்ச ராவு, ஒங்கள அரிசி ரூமுக்குள்ள வெச்சி, வாசல்ல பாய விரிச்சிப் படுத்தவங்க. 'உள்ளுக்க யாரு?' எண்டு கேட்ட ஆளுகளுக்கு, 'ஏன்ட மகளுக்கு அம்மை போட்டீக்குது, வந்து பாருங்க' எண்டு சொன்னாங்களே!"

பத்மாதேவி சிரிக்கப்போய் இருமினாள். கையால் வாயை மூடிக்கொண்டாள். சிரித்தாலும் இருமினாலும் அவளுடைய கை தானாக வாய்க்கு முன்னால் வந்துவிடும். அது அவளுடைய அடக்கம் என்றுதான் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் நினைத்தார்கள்.

"ஆஸ்பத்திரிக்கிப் போறப்போ நானும் வாறேன்" என்றாள் ரபீகா, குரலைத் தாழ்த்தி. "தனியப் படுக்க விடமாட்டேன்." பிறகு காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டு, முக்காட்டை இழுத்துவிட்டு, மதில் ஓரமாகப் போனாள்.

இரவு பத்மாதேவி வழமைபோலக் கடைசியாகக் குளியலறைக்குப் போய் வந்து, விளக்கை அணைத்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். வாசற் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் அவளுடைய பை தொங்கியது. காணி உறுதிகள், பிறப்புச் சான்று, ஒரு சேலை, அவருக்கு உடுக்க ஒரு சாரம், தீப்பெட்டி, டோர்ச், பிஸ்கட். இருபத்துநான்கு வருடமாக அந்த ஆணியில் ஏதோவொரு பை தொங்குகிறது. பிஸ்கட்டை மாத்திரம் அவ்வப்போது மாற்றுவாள்.

"தேவி."

"ம்."

"ஒண்டுமில்லை. படும்."

விடியும் முன்னர் கதவில் தட்டினார்கள்.

கையால் தட்டிய சத்தமல்ல, துவக்குப் பிடியால் தட்டிய சத்தம். விவேகானந்தன் எழும்பிக் கண்ணாடியைத் தடவிக்கொண்டிருக்க, பத்மாதேவி அதற்குள் கட்டிலை விட்டு இறங்கி, சேலைத் தலைப்பைத் தோளில் போட்டுக்கொண்டு, கதவடியில் நின்றாள்.

"கவுத இன்னே?" என்று வெளியே சிங்களத்தில் ஒரு குரல் கேட்டது, யார் உள்ளே என்று.

"பொட்டக் இன்ன மஹத்தயா, தொர அரினவா" என்றாள் அவள். கொஞ்சம் பொறுங்கள் ஐயா, கதவு திறக்கிறேன். வகுப்பில் வாய்பாடு சொல்லிக்கொடுக்கும் அதே தெளிவு. ஓர் எழுத்துப் பிசகவில்லை.

டோர்ச் வெளிச்சம் அவளுடைய முகத்தில் விழுந்தது. அவள் கண்ணைச் சிமிட்டவில்லை. சிப்பாய்கள் நால்வரும் ஒரு பொலிஸ்காரரும் உள்ளே வந்தார்கள். அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, எவ்வளவு காலமாக இங்கே, பிள்ளைகள் எங்கே. எல்லாவற்றுக்கும் அவளே பதில் சொன்னாள். ஒருவன் ஆணியிலிருந்த பையை எடுத்து மேசையில் கொட்டினான்.

எங்கே போக இந்தப் பை என்று கேட்டான்.

எங்கேயும் போக இல்லை, மகனே, சும்மா தொங்குகிறது என்றாள்.

அவனுக்கு இருபது வயதிருக்கும். பிஸ்கட் பெட்டியைத் திரும்பப் பைக்குள் வைத்தது அவன்தான். அவர்கள் போய், பக்கத்துச் சந்தில் நாய்கள் குரைக்கத் தொடங்கின.

பத்மாதேவி தேநீருக்குத் தண்ணீர் வைக்கப் போனாள். விவேகானந்தன் குளியலறைக்குப் போனார். முகம் கழுவினார். துவாயை எடுக்கக் கையை நீட்டியவர் நீட்டியபடி நின்றார்.

தட்டில் குவளை இருந்தது. குவளைக்குள் பல் கிடந்தது.

கட்டிலுக்கும் வாசலுக்கும் இடையில் குளியலறை இல்லை. அவள் நேரே கதவுக்குத்தான் போனாள். ஆனால் பல்லில்லாத வாயால் அப்படிப் பேச முடியாது.

குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஓரத்துப் பல்லொன்றில் கீறல் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால், புதுப் பல் கட்டுவதற்கு முந்தி, பழைய செட்டில் விழுந்த கீறல். அன்று அவரே அவளைப் பல் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போயிருந்தார். இத்தனை தடவை குச்சியால் தொட்டபோதும் அந்தக் கீறல் கண்ணில் படத்தான் செய்தது. அவர் மதுவத்தைத் தேடிக்கொண்டிருந்தார், பல்லைப் பார்க்கவில்லை.

அடுக்களைக்கு வந்து குவளையை மேசையில் வைத்தார். கதிரையில் இருந்தார். அவள் தேநீரைக் கொண்டுவந்து குவளைக்குப் பக்கத்தில் வைத்தாள். அதைக் கண்டாள். அடுப்படிக்கே திரும்பிப் போய் நின்றாள். யன்னலுக்கு வெளியே வெளுத்துக்கொண்டு வந்தது. ஆற்றங்கரையில் யானைச் சங்கிலி கலகலத்தது. தேநீர் ஆறி ஆடை படிந்தது.

"எவ்வளவு காலம்?" என்றார் கடைசியில்.

"எப்பவும்தான்."

"வைத்தியர் இரவில கழட்டச் சொன்னவ எல்லே?"

"சொன்னவதான்."

"நான் அந்தப் பழசை எத்தினை தரம் கொண்டுபோய்... தேவி, நான் அதைப் பற்றி ஒரு கட்டுரைகூட எழுதினனான். 'கட்டுப்பல்லில் எதுவும் காணப்படவில்லை.'"

"நல்லாத்தானே எழுதியிருப்பியள்." குரலில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. பிறகு அது உடைந்தது. "நீங்கள் இண்டைக்குப் பாத்தியள்தானே? அவங்கள் வந்தால் பல்லைத் தேடிக்கொண்டு நிக்க நேரம் தருவாங்களோ? டோர்ச்சை முகத்தில அடிப்பாங்கள். பொக்கை வாயோட என்னத்தைச் சொன்னாலும் எடுபடுமே? 'ஐயா' எண்டுறதே 'ஹையா' எண்டு வரும். ஓட வேண்டி வந்தால்? பையைத் தூக்கலாம். பல்லை?"

"பையில வைச்சிருக்கலாமே."

"பையில வைச்சால் வாயில ஆர் வைக்கிறது?"

அவள் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

"அது மட்டுமில்லை" என்றாள். "எண்பத்து மூண்டில மதில் ஏறேக்க நான் விழுந்தனானெல்லே."

அவருக்கு அது நினைவிருக்கிறது. பின்மதில், இருட்டு, தெரு முனையில் எரிந்துகொண்டிருந்த கடையின் வெளிச்சம். அவர் முதலில் ஏறி அந்தப் பக்கம் குதித்தார். பிறகு அவள். சேலை சிக்கி, முகம் குப்புற, ரபீகா வீட்டு அம்மிக் கல்லில் விழுந்தாள். முன்பற்கள் நாலும் போய்விட்டன. மற்றவை பிறகு வந்த வருடங்களில் ஒவ்வொன்றாகப் போயின.

"அரிசி அறைக்குள்ள விடிய வெளிச்சம் வரேக்க நான் துணியை எடுத்தன். வாயைக் கழுவ. நீங்கள் பாத்தியள். பாத்திட்டு முகத்தைத் திருப்பினியள்."

விவேகானந்தன் நிமிர்ந்தார்.

"அந்தப் பக்கம் சுவரைப் பாத்துக்கொண்டே இருந்தனீங்கள். கனநேரம். எனக்கு முப்பத்துநாலு வயசு. இனி இந்த மனிசனுக்கு இந்த வாயைக் காட்டுறேல்லை எண்டு அண்டைக்கு முடிவெடுத்தன்."

"நான் அழுதனான், தேவி."

அவள் பார்த்தாள்.

"நான் முதல் குதிச்சிட்டன். உம்மை முதல் ஏத்தியிருக்க வேணும். பயத்தில நான் குதிச்சிட்டன். உம்மட வாயைப் பாக்க அதுதான் தெரிஞ்சுது. அழுகை வந்திட்டுது. வெளியில உம்மா ஆரோடையோ கதைச்சுக்கொண்டு நிண்டவ. சத்தம் வரக்கூடாது. நீர் காணவும் கூடாது. அதுதான் சுவரைப் பாத்தனான்."

"இதை ஏன் சொல்லேல்லை?"

"நீர் கேக்கேல்லை."

"கேக்கேல்லையோ!" அவள் கரண்டியை அடுப்பில் எறிந்தாள். "இருபத்துநாலு வருசம் வாய்க்குள்ள பிளாஸ்ரிக்கோட படுக்கிறன். நோவு. புளிச்ச மணம். விடிய எழும்பினால் அண்ணம் முழுக்க எரியும். நீர் கேக்கேல்லையாம்! விசர் மனிசன். கதைச்சால் முத்து உதிர்ந்து போமே உங்களுக்கு?"

"எரியுமோ? அண்ணம்?"

"எரியாமல்?"

அவர் எழும்பி அவளுக்கு முன்னால் வந்தார். கையை நீட்டினார். குரல் ஆய்வுகூடத்துக் குரலாக மாறியிருந்தது.

"அங்கதான் இருக்கினம், தேவி. பல்லுக்கும் அண்ணத்துக்கும் இடையில. பிளாஸ்ரிக்கின்ர நுண்ணிய துளையளுக்குள்ள. அங்க மருந்து அரைகுறையாத்தான் போகும். அவை அங்க பெருகிறதும் இல்லை. பெருகாதது ஒண்டையும் உதறாது. நாங்கள் மருந்தை நிப்பாட்டித் தொண்டையைச் சுத்தமாக்க, இவை இருந்த சுமையோட அப்பிடியே ஒளிச்சிருந்திட்டுத் திரும்ப இறங்கினம்."

"எங்களைப் போலதான்" என்றாள் அவள். "பையைக் கட்டிவைச்சுக்கொண்டு."

அவர் நீட்டிய கை நீட்டியபடி இருந்தது.

"தாரும்."

"இப்பவோ?"

"இப்ப."

"அங்கால பாருங்கோ."

"மாட்டன்" என்றார் விவேகானந்தன். "இனி அங்கால பாக்க மாட்டன்."

அவள் கையை வாய்க்கு முன்னால் கொண்டுபோனாள். கைக்குப் பின்னால் பல்லைக் கழற்றினாள். பிறகு கையை எடுத்தாள். கன்னங்கள் குழிந்து, உதடுகள் உள்ளே மடிந்து, முகம் ஒரு நிமிடத்தில் வேறொன்றானது. அவர் பார்த்தார். தெருவில் பால்காரனுடைய மணி கேட்டது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஹென்ன ஹாக்கிறியள்?" என்றாள் அவள்.

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பல்லை மாஜரின் டப்பாவுக்குள் போட்டுப் பேராதனைக்குக் கொண்டுபோனார். அழகையா மூடியைத் திறந்தவன், "ஐயா! சாப்பாடுன்னு நெனச்சேன்!" என்று மேசையை விட்டுத் துள்ளினான். தட்டில் இரண்டு நாளில் பச்சைப் பசேலென்று முளைத்தது. மருந்துப் பட்டியை ஒட்டி, மேலே ஏறி, கொஞ்சமும் கூச்சமில்லாமல். கூழில் நிறமூர்த்தங்களைப் பிரித்தபோது அந்த மேலதிகக் கோடு அதே இடத்தில், அதே நீளத்தில் நின்றது.

"ஆளு மாட்டிக்கிட்டாருங்க" என்றான் அழகையா. "அம்மாவோட பல்லுக்குள்ளயே குடித்தனமா! வாடக கீட குடுத்தாரா?"

விவேகானந்தன் அந்தக் கோட்டை இன்னொருமுறை அளந்து பார்த்தார். பிறகு வைத்தியர் அம்மாவுக்குப் போன் எடுத்தார். நாளத்தால் ஏற்றுகிற மருந்தைக் கொஞ்சம் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டார். பல்லை இனி வாயில் போடாமல், குளிசையை நிறுத்தி, சுமைகாரர்கள் சுமையை உதறும்வரை பொறுத்து, அதன்பிறகு முழு அளவில் குளிசை. வைத்தியர் யோசித்தார். நோயாளி மெலிந்துகொண்டு போகிறார், நெடுநாள் பொறுக்க முடியாது என்றார். கடைசியில், "ஒரு மாதம். அதற்குப் பிறகு நான் சொல்வதுதான்" என்றார்.

அந்த ஒரு மாதம் லேசாகப் போகவில்லை. குளிசை இல்லாத நாட்களில் தொண்டை இன்னும் மோசமானது. ஊதா மருந்தைத் தொட்டுத் தொட்டு வாய் முழுக்க நாவற்பழம் தின்ற பிள்ளையின் வாயைப்போல ஆனது. தண்ணீர் விழுங்கவும் அழுதாள். ஓரிரவு, "ஊசியையே போடச் சொல்லுங்கோ, போறது போகட்டும்" என்றாள். அவர் அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டு இருந்தார். அந்த மாதத்தில்தான் அவர் நிறையக் கதைத்தார். யாழ்ப்பாணத்தில் அவளைப் பெண் பார்க்கப் போன அன்று மாமா சொன்ன பகிடியிலிருந்து, பேராதனைப் பூங்காவில் வௌவால்கள் தொங்கும் மரம்வரை. அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு கிடந்தாள். இடையில் எங்காவது பிழை சொன்னால் கையை ஆட்டித் திருத்தினாள்.

பல்லைக் கழற்றிய முதல்நாள் ரபீகா உள்ளே வந்தபோது பத்மாதேவி தலைப்பால் வாயை மூடப்போனாள். ரபீகா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அல்லாஹ்வே, டீச்சர்! சின்னப்புள்ள மாதிரி ஈக்கிறீங்க. இந்த முகத்தையா இத்தின காலம் ஒளிச்ச? உம்மா அப்பவே சொன்ன, 'அந்தப் புள்ள வாய மூடிக்கிட்டே அழுவுது' எண்டு."

மூன்றாம் கிழமை நாக்கிலும் தொண்டையிலும் எடுத்த மதுவம் பட்டியைக் கண்டு விலகி நின்றது. அண்ணத்திலும் எடுத்தார்; இப்போது தொட விட்டாள். அங்கேயும் விலகி நின்றது. அன்றைக்கே முழு அளவில் குளிசை தொடங்கினாள்.

மாத முடிவில் வைத்தியரிடம் போக பஸ் ஏறினார்கள். பாலத்தடியில் வழமைபோல எல்லோரையும் இறக்கினார்கள். தூறல் நின்று ஈர வெயில் அடித்தது. பத்மாதேவி அடையாள அட்டையை நீட்டினாள். சிப்பாய் அட்டையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், திரும்ப அட்டையைப் பார்த்தான். படத்தில் நிறைந்த கன்னமும் நேர் வரிசைப் பற்களும். முன்னால் நின்றது குழி விழுந்த, ஊதா உதட்டு முகம்.

"மே ஒயாத அம்மே?" என்றான் சந்தேகத்தோடு. இது நீங்கள்தானா?

பின்னால் நின்ற சனம் எட்டிப் பார்த்தது. இதற்குத்தானே அவள் இவ்வளவு காலமும் பயந்தாள்? விவேகானந்தன் ஓரடி முன்னால் வந்தார். முகத்தைத் திருப்பவில்லை. அவள் அவரை ஒருமுறை பார்த்தாள். அவர் தன்னையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டாள்.

"ஹொவ் புதே" என்றாள். ஓம் மகனே.

"தத் கோ?" பல் எங்கே?

பத்மாதேவி கையை வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"பேராதெனியட கிஹில்லா" என்றாள். பேராதனைக்குப் போயிருக்கு.

சிப்பாய் ஒரு கணம் விழித்தான். பிறகு அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள், பல்லில்லாத வெறும் முரசு முழுக்கத் தெரிய, நடுத்தெருவில். பின்னால் நின்ற ஒரு கிழவியும் தன் பொக்கை வாயால் சேர்ந்துகொண்டாள். "ஹரி அம்மே, யன்ன" என்று அவன் அட்டையைத் திருப்பிக் கொடுத்தான். சரி அம்மா, போங்கள்.

வைத்தியர் குழாய் விட்டுப் பார்த்தார். தயிர் ஆடை ஏறக்குறையக் கழன்றுவிட்டது, ஊசி இப்போது வேண்டாம், குளிசையை முடிக்கட்டும் என்றார். புதுப் பல் கட்டலாம், ஆனால் இரவில்… என்று தொடங்க, "குவளையில" என்றாள் பத்மாதேவி.

வீட்டுக்கு வந்தபோது பின்னேரமாகியிருந்தது. ரபீகா மதிலுக்கு மேலால் அப்பத் தட்டை நீட்டினாள். டீச்சருக்கு நடுப்பகுதி மெத்தென்ற பாலப்பம், சேருக்குச் செத்தல் மிளகாய் இடித்த கட்டைச் சம்பலோடு வெள்ளை அப்பம். இரண்டு பேரும் அடுக்களை மேசையில் இருந்தார்கள். விவேகானந்தன் பாலப்பத்தைப் பிய்த்து அவளுடைய தட்டில் வைத்தார். அவள் மென்றாள், முரசால், பொறுமையாக. விழுங்கும்போது அவர் அவளுடைய கண்ணைப் பார்த்தார். கண் மூடவில்லை.

ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது. யானைகள் போய்விட்டிருந்தன.

பத்மாதேவி எட்டி, அவருடைய தட்டிலிருந்த சம்பலில் ஒரு விரலைத் தொட்டு நாக்கில் வைத்தாள். அவர் பதறி எழும்பித் தண்ணீர்ச் செம்பை எடுத்தார். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள். கொஞ்ச நேரம் வாய்க்குள் வைத்துப் பார்த்தாள்.

"ரபீகா!" என்று மதில் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள். "என்ன பிள்ளை இது, உறைப்பே காணாது!"